பிள்ளைகள் படுக்க எந்த அறை, விளையாட எந்த இடம்?

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டில் மேற்குப் பக்கம் ஒரு பெரிய அறை இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இருந்த அறை. வீட்டை எனக்குச் சீதனமாக எழுதித் தந்த பிறகும் அவர்கள் அதிலேயே இருந்தார்கள். போன வருடம் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். அவர்கள் சாமான்களை எடுத்துப் போன அன்றைக்கே மகள் வந்து கேட்டாள்: "அம்மா, இனி இது எங்கட அறைதானே?"

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. இரண்டு பேரும் அதுவரை எங்களோடு ஒரே அறையில்தான் படுத்தார்கள். பாதி நாள் அம்மம்மாவின் பாயில். இனித் தனியாகப் படுக்கப் பழக்க வேண்டும், மகளுக்குப் படிக்க ஒரு மேசை வேண்டும், ஹோல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு ஓர் இடம் வேண்டும். கையில் இருந்தவை மூன்று இடங்கள். மேற்கே 12க்கு 10 அடியில் அந்தப் பெரிய அறை. முன்பக்கம் வடகிழக்கு மூலையில் 10க்கு 9 அடியில் ஒரு சின்ன அறை. தையல் மெசினும் நெல் மூட்டையும் பழைய அலுமாரியும் அதில் அடைந்து கிடந்தன. அதை ஒட்டி, கிழக்கே பார்த்த முன் விறாந்தை. அரைச் சுவரும் அதற்கு மேலே கிறிலும் போட்டது.

இந்த மூன்றையும் வைத்து நான்கு விதமாக யோசித்தோம். பெரிய அறையில் அடுக்குக் கட்டில் போட்டு, படுக்கை, படிப்பு, விளையாட்டு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடிப்பது ஒன்று. ஆளுக்கோர் அறை கொடுப்பது இன்னொன்று. சின்ன அறையில் இரண்டு பேரையும் படுக்கவைத்து, பெரிய அறையை விளையாட்டு அறையாக்குவது மூன்றாவது. சின்ன அறையில் படுக்கை, விறாந்தையில் விளையாட்டு என்பது நாலாவது. கடைசியில் நாங்கள் நாலாவதுக்கு வந்தோம். அதுவும் அப்படியே நிற்கவில்லை, மாரி வந்ததும் கொஞ்சம் மாற்றினோம். ஏன் இப்படி முடிவெடுத்தோம், வேறு மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு மற்ற வழிகள் எங்கே சரிவரும் என்பதை எழுதுகிறேன்.

காற்று எந்தப் பக்கம்?

பிள்ளைகளின் அறை என்று தேடினால் முதலில் வருவது நிறங்கள்தான். சுவருக்கு இளநீலமா இளஞ்சிவப்பா, மேகம் வரைவதா நட்சத்திரம் ஒட்டுவதா என்று. நாங்களும் அதில்தான் தொடங்கினோம், இரண்டு வாரம் அதில் போனது. அப்புறம்தான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று விளங்கியது. இந்த வீட்டில் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, மழை எந்தப் பக்கத்தால் அடிக்கிறது?

மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விசயம். ஆனாலும் அறை பிரிக்கும்போது மறந்துபோகிறோம். மே தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் கச்சான் வீசும். தென்மேற்கால் வந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரண்டு இறங்கும் காற்று. மேற்கு யன்னலைத் திறந்தால் அடுப்படிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி முகத்தில் அடிக்கும். பின்னேர வெயிலும் அதே சுவரில்தான் விழும். கல்லடியில் எங்களுக்குக் கிழக்கே கடல். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால் முன்பக்க அறைக்குள் அது நேரே வரும். மாரியில் இது தலைகீழ். ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரி வரை மழையும் வாடையும் வடகிழக்கால் வரும். அப்போது முன்பக்கம் நனையும், மேற்குப் பக்கம் காய்ந்து கிடக்கும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு நானும் கணவரும் இரண்டு அறைகளிலும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம். கிழக்குச் சுவர் சாதாரணமாக இருந்தது. மேற்குச் சுவரில் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்ட மாதிரி ஒரு சூடு. பத்தரை மணிக்குத் திரும்பப் போய்த் தொட்டேன், அப்போதும் ஆறவில்லை. அப்பா இத்தனை வருடம் அந்த அறையில் படுக்காமல் ஏன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையிலேயே தூங்கிப்போனார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இதில் தூக்கக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. எங்கள் பிள்ளைகள் காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும், ஏழரைக்குப் பள்ளிக்கூடம். ஒன்பது மணித்தியாலம் வேண்டுமென்றால் இரவு எட்டரைக்கு மகள் தூங்கியிருக்க வேண்டும். சுவர் பதினொரு மணிக்கு ஆறுகிற அறையில் எட்டரைக்கு எப்படித் தூங்குவது? கரண்ட் போய்விட்டால் இன்னும் மோசம்.

இதனால் அறை சின்னதாக இருந்தாலும் படுக்கை கிழக்கே என்று முடிவாகிவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருப்பவர்களுக்குக் கடற்காற்று இந்த அளவுக்கு எட்டாது. அங்கே வீட்டைச் சுற்றி மரம் நிற்கிற பக்கம் எதுவோ அந்தப் பக்க அறையைப் பார்க்கலாம். எந்த ஊரென்றாலும் கோடையில் ஓர் இரவு சுவரைத் தொட்டுப் பாருங்கள், செலவில்லாத வேலை.

அடுக்குக் கட்டில்

முதல் வழி எங்கள் பிள்ளைகளின் ஆசை. ஏணி வைத்த கட்டிலைப் படத்தில் பார்த்துவிட்டு, மேலே யார் படுப்பது என்று சண்டைகூடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. 3க்கு 6 அடிக் கட்டில் இரண்டு போட்டால் 36 சதுர அடி போய்விடும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் 18தான். மிச்சம் வருகிற இடத்தில் மேசையும் போடலாம், விளையாடவும் விடலாம்.

எங்களுக்கு எப்போதும் மரவேலை செய்யும் ஓடாவியாரைக் கூப்பிட்டோம். வந்து படத்தைப் பார்த்தார், அண்ணாந்து விசிறியைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். விசிறி இறக்கையின் நுனியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நிலத்தில் அது தொடுகிற இடத்தில் சோக்கால் ஒரு புள்ளி. இறக்கையைக் கையால் கொஞ்சம் சுற்றி இன்னொரு புள்ளி. இப்படி நாலைந்து புள்ளி வைத்து வட்டமாக்கினார். பிறகு கட்டில் வரப்போகும் மூலையை நீளச் சதுரமாகக் கீறினார். வட்டமும் சதுரமும் கால்மாட்டில் ஒன்றையொன்று வெட்டின.

கணக்கு இதுதான். அறையின் 10 அடிப் பக்கத்தில் விசிறி நடுவில் இருக்கிறது, அதாவது சுவரிலிருந்து 5 அடியில். 56 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 28 அங்குலம் நீளும். ஆக, சுவரிலிருந்து 2 அடி 8 அங்குலம் வரைக்கும் இறக்கை வந்து சுற்றும். கட்டில் 3 அடி அகலம். சட்டத்தைச் சேர்க்காமலே 4 அங்குலம் இறக்கைக்குக் கீழே வருகிறது. உயரத்தைப் பார்த்தால், சீலிங் ஒன்பதரை அடி, விசிறி ஓர் அடி இறங்கித் தொங்குகிறது. மேல் மெத்தை 5 அடியில் வரும். மகளின் உயரம் 4 அடி 3 அங்குலம். மெத்தையில் எழும்பி நின்றால் அவள் தலை இறக்கையின் மட்டத்தைத் தாண்டிவிடும்.

"தங்கச்சி, செய்யச் சொன்னாச் செய்து தாறன். ஆனா முதல்ல இந்த பேனக் கழட்டுங்க" என்றார். பின்வாசலில் நின்ற அம்மாவோ, "ஏன்கா புள்ளகளக் கொண்டுபோய் உசரத்தில படுக்கப் போடுற?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டா.

விசிறியை ஒருபக்கமாக நகர்த்தலாம், சுவர் விசிறி போடலாம். அது முடியாத காரியம் இல்லை. ஆனால் வேறு இரண்டு விசயமும் இருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவின் விதிப்படி மேல் கட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உரியதில்லை. தடுப்புப் பலகை மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் நிற்க வேண்டும், இடைவெளிகளில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. மகனுக்கு ஐந்துதான். மேலே படுக்க வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்பானா? அக்கா மேலே இருக்கும்போது அவன் கீழே இருக்கமாட்டான் என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மற்றது சூடு. சூடான காற்று மேலேதான் போய் நிற்கும். கூரைக்குக் கிட்டப் படுக்கிற பிள்ளைக்கு, அதுவும் அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை என்றால், கோடையில் நித்திரை வராது. நுளம்பு வலை கட்டவும் அடுக்குக் கட்டில் தோதில்லை. மேலே வலை கட்டினால் ஏணிப் பக்கம் எப்போதும் திறந்தபடி கிடக்கும்.

அடுக்குக் கட்டிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ஓட்டு வீடுகளில் முகடு உயரமாக இருக்கும், விசிறியும் தள்ளி இருக்கும். இரண்டு பிள்ளைகளும் ஆறு வயதைத் தாண்டியவர்கள், அறையும் ஒன்றுதான் என்றால் அது நல்ல வழி. மெல்லிய மெத்தை போடுங்கள். தடிப்பான மெத்தையைப் போட்டால் தடுப்பின் உயரம் அதற்குள்ளேயே போய்விடும். கடையில் வாங்கும்போது பலரும் இதைக் கவனிப்பதில்லை. கட்டிலையும் மெத்தையையும் தனித்தனியாக வாங்குகிறோம் அல்லவா?

எங்களுக்கு ஓடாவியார் அடுக்குக் கட்டிலுக்குச் சொன்ன விலைக்குள்ளேயே இரண்டு தனிக் கட்டிலும் மகளின் மேசையும் செய்து முடிந்தன. மலைவேம்புப் பலகை. பாரமில்லாத கட்டில்கள், நானும் மகளும் பிடித்தாலே நகர்த்தலாம். 10க்கு 9 அறையில் இரண்டையும் இரண்டு சுவரோடு போட்டால் நடுவில் 3 அடி மிஞ்சுகிறது. மகன் கை நீட்டினால் அக்காவின் கை எட்டும். முதல் கிழமை அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான்.

ஆளுக்கோர் அறை

இதை நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தனி அறையில் படுக்கமாட்டான். படுக்கப் போட்டாலும் நடு இரவில் தலையணையோடு வந்து எங்கள் நடுவில் கிடப்பான். ஆனால் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இல்லை. மகள் பெரியபிள்ளையானால் தம்பியோடு ஒரே அறையில் இருப்பது அவளுக்கே சங்கடமாக இருக்கும். அதற்கு இன்னும் இரண்டோ மூன்றோ வருடம்தான். அன்றைக்கு மகன் மேற்கு அறைக்குப் போவான், அப்போது அவனுக்கும் எட்டு வயதாகியிருக்கும்.

இந்த இரண்டு மூன்று வருடம் என்ற கணக்குத்தான் எங்கள் செலவையெல்லாம் தீர்மானித்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குப் போகிற வீடு. என் அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தா, அம்மா எனக்குத் தந்தா, நான் என் மகளுக்குக் கொடுப்பேன். யார் எந்த அறையில் இருப்பது என்பது பத்து வருடத்துக்கு ஒரு தரமாவது மாறும். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரி, சீமெந்துத் தட்டு, நிலத்தில் பதித்த கட்டில் என்று போட்டுவிட்டால் அந்த மாற்றத்துக்கு இடமில்லாமல் போகும். உறவுக்காரர் ஒருவர் மகனின் அறையில் கார் வடிவத்தில் கட்டில் செய்து சுவரோடு பூட்டினார். பிள்ளைக்குப் பதினொரு வயதானபோது கால் வெளியே நீண்டது. கழற்றினால் சுவர் உடையும் என்பதால் இப்போது அதற்கு மேல் துணி குவிந்து கிடக்கிறது.

விளையாட்டு அறையும் விறாந்தையும்

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய அறை முழுவதும் விளையாட்டுக்கு, கதவைப் பூட்டினால் ஹோல் துப்புரவாக இருக்கும். காத்தான்குடியில் இருக்கிற சிநேகிதியின் வீட்டைப் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அங்கே காணி சின்னது, வீடுகள் மேலேதான் வளர்கின்றன. அவ மேல்மாடியில் நல்ல வெளிச்சமான அறை ஒன்றைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி, தட்டு அடித்து, நிலத்துக்கு ரப்பர் விரிப்புப் போட்டு அழகாக வைத்திருந்தா. நான் போனபோது அதற்குள் கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டிருந்தது. பிள்ளைகள் கீழே குசினி வாசலில், வருகிறவர் போகிறவர் காலுக்குள் இருந்து விளையாடினார்கள். "மேல போங்க எண்டு சொன்னாப் போகுதுகள் இல்ல. நான் மேல போனாத்தான் அதுகளும் வருங்கள்" என்றா.

சின்னப் பிள்ளைகள் ஆளில்லாத இடத்தில் விளையாடுவதில்லை. ஏழெட்டு வயது வரைக்கும் அம்மாவோ அம்மம்மாவோ கண்ணில் படுகிற தூரத்தில்தான் அவர்களுடைய உலகம். அதனால் விளையாட்டு இடத்தைத் தெரிவு செய்யும்போது நான் இப்போது மற்றவர்களிடம் முதலில் கேட்பது, குசினியில் நின்று பார்த்தால் அந்த இடம் தெரியுமா என்பதுதான். எங்கள் வீட்டில் குசினிக் கதவும் ஹோல் கதவும் ஒரே நேரில் இருக்கின்றன. கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே விறாந்தை முழுவதையும் பார்க்கலாம். மேற்கு அறை கண்ணில் படாது.

விறாந்தைக்கு வேறு நன்மைகளும் உண்டு. பின்னேரம் கடற்காற்று. நிலம் பழைய சிவப்புச் சீமெந்து, வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. வெளியே முற்றத்து மண்ணில் சோறு கறி ஆக்கி விளையாடிவிட்டு, சிரட்டையும் இலையுமாக உள்ளே வந்தாலும் யாரும் ஏச மாட்டார்கள். மகன் வீட்டிலுள்ள செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்கி, கல்முனை பஸ் என்று சொல்லி, அரைச் சுவரோரமாக ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போவான். களுவாஞ்சிக்குடியில் எல்லாரும் இறங்க வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் தபால்காரர் வந்தால் அவரும் ஏற வேண்டும். மூடிய அறைக்குள் இந்த விளையாட்டு வருமா என்று தெரியாது.

ஆனால் விறாந்தையை அப்படியே விட முடியாது, திருத்த வேண்டியவை இருந்தன. கணவரின் மோட்டார் சைக்கிள் அங்கேதான் நின்றது. வேலையால் வந்து நிறுத்தியதும் சைலன்சர் கொதிக்கும், சின்னப் பிள்ளையின் கெண்டைக்கால் உயரத்தில். அதைப் பக்கத்துச் சாய்ப்புக்கு மாற்றினோம். கிறில் கம்பிகளின் இடைவெளி ஓரிடத்தில் ஆறு அங்குலம் இருந்தது. தலை நுழைந்து மாட்டும். இடையில் கம்பி வைத்து ஒட்டி, எல்லா இடத்திலும் 4 அங்குலத்துக்குக் குறைவாக்கினோம். கிறில் கேற்றுக்குப் பூட்டுக் கொண்டியை மேலே வைத்தோம். அது திறந்தால் முற்றம், முற்றத்தில் கிணறு. கிணற்றுக்குக் கம்பி வலை மூடி போடாமல் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் என்று ஒன்றைப் பேசவே கூடாது. வீட்டுக்குள் எவ்வளவு செலவழித்தாலும் முதல் செலவு அந்த மூடிதான்.

நிலத்துக்கு என்ன விரிப்பது என்பதிலும் இரண்டு வழி பார்த்தோம். துண்டு துண்டாகக் கோத்துப் போடும் ரப்பர் விரிப்பு மெத்தென்று இருக்கும், விழுந்தாலும் நோகாது. தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு அதுதான் நல்லது. எங்களுக்கு மண்தான் பிரச்சினை. கடற்கரை மணல் மூட்டுகளுக்குள் இறங்கி, அடியில் ஈரம் தங்கி, தூக்கிப் பார்த்தால் எறும்பு. பன்பாய்க்கு மாறினோம். உதறினால் மண் போகும், வெயிலில் போட்டால் காயும், சுருட்டி மூலையில் நிறுத்தலாம். பாய் பிய்ந்தால் புதுப் பாய்.

மாரி வந்தபோதுதான் எங்கள் திட்டத்தின் குறை தெரிந்தது. நவம்பர் மழை கிறிலால் சாய்வாக அடித்து, பாய், பெட்டி, சுவர் எல்லாம் நனைந்தன. படங்கு ஒன்றைச் சுருட்டி இறக்குகிற மாதிரிக் கட்டினோம். அது சாதாரண மழைக்குத் தாங்கியது, காற்றோடு வந்த மழைக்கு இல்லை. அப்போதுதான் மேற்கு அறையைத் திறந்து பார்த்தோம். கோடையில் வேகிற அதே அறை மாரியில் காய்ந்து, கதகதப்பாக, வீட்டிலேயே நல்ல அறையாக இருந்தது. விளையாட்டுப் பெட்டிகளை அதற்குள் கொண்டுபோனோம். அங்கே குசினியிலிருந்து தெரியாதே என்ற சிக்கல் இருந்தது. அம்மா தையல் மெசினை அங்கே போட்டு உட்கார்ந்ததும் அது தீர்ந்தது. மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பிள்ளைகள் அந்த அறையை விட்டு நகரவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் விளையாட்டு இடம் வருடத்துக்கு இரண்டு. கோடையில் விறாந்தை, மாரியில் மேற்கு அறை. இதைச் செய்ய முடிந்தது எதையும் சுவரில் பூட்டாததால்தான். சாமான்கள் எல்லாம் மூன்று மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டிகளுக்குள். மூடி இல்லாவிட்டால் பல்லி எச்சமும் தூசியும் விழும். மூன்றில் ஒன்றுதான் எப்போதும் வெளியே இருக்கும், மற்ற இரண்டும் கட்டிலுக்குக் கீழே. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பெட்டியை மாற்றினால் மறந்துபோன பொம்மையைப் புதிது மாதிரி எடுத்து விளையாடுகிறார்கள்.

வீடு இன்னும் சின்னதாக இருந்தால்

என் சித்தியின் மகள் படுவான்கரைப் பக்கம் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறா. 550 சதுர அடி. இரண்டு அறை, ஹோல், குசினி. மூன்று பிள்ளைகள். அவவுக்கு நான் எழுதிய நாலு வழியும் உதவாது. ஆனால் அவ செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓர் அறையில் இழுப்புக் கட்டில் ஒன்று. பகலில் கீழ்க் கட்டில் மேல் கட்டிலுக்கு அடியில் போய்விடும், அறையின் நடுப்பகுதி வெறுமையாகும். இரவில் மூத்தவ மேலே, இளையவர்கள் இருவரும் கீழே. உயரம் ஓர் அடிதான், உருண்டாலும் பயமில்லை. வெளியே முன் திண்ணைக்குக் கிடுகால் பத்தி இறக்கியிருக்கிறா, விளையாட்டெல்லாம் அதற்குள். சீற் கூரையைவிடக் கிடுகுப் பத்திக்குள் மத்தியானம் நன்றாக இருக்கிறது என்று அவவே சொன்னா. இழுப்புக் கட்டிலில் சில்லுகளுக்குள் மண் சிக்கும், மாதம் ஒரு தரம் துடைக்க வேண்டும். அதைத் தவிர வேறு குறை அவ சொல்லவில்லை.

பணம் எதில் போக வேண்டும்

தளபாடத்தில் மலிவாகக் கிடைப்பது மரத்தூள் அழுத்திய பலகையில் செய்தவை. பார்க்க வடிவு. ஆனால் நிலம் துடைக்கிற தண்ணீரிலேயே கால் ஊறி வீங்கும். 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் மழையிலும் தண்ணீர் ஏறிய வீடுகளில் முதலில் குப்பைக்குப் போனவை இவைதான். மரக் கட்டிலைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டார்கள். வாங்குவதென்றால் காலுக்கு உலோகம் போட்டதை வாங்குங்கள். அலுமாரி எதுவானாலும் மேல் விளிம்பைச் சுவரோடு எல் வடிவ இரும்பால் பிடித்துவிட வேண்டும். லாச்சியை இழுத்துப் படியாக்கி ஏறாத பிள்ளை இல்லை, பாரம் முன்னுக்கு வந்தால் அலுமாரி பிள்ளையின் மேலேதான் விழும். வெளிச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காமல் உட்சுவர்ப் பக்கம், ஒரு கை போகிற இடைவெளி விட்டு வைத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்காது.

பிளக் விசயத்தில் 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கை நான் தயங்காமல் சொல்வேன். அதன் நீண்ட கால் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துவாரங்களின் மூடி திறக்கும், பிள்ளை ஊசியையோ ஆணியையோ நேரே செருக முடியாது. பழைய வட்டக் கால் பிளக்குகளில் பலதுக்கு அந்த மூடி இல்லை. சின்ன அறையில் இருந்த இரண்டையும் மாற்றினோம், ஒரு நாள் வேலை.

பெயின்ற்றுக்கு வந்தால், 2013 ஜனவரி தொடங்கி இலங்கையில் விற்கும் பூச்சுகளில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. அதற்கு முன் அடித்த பூச்சில், முக்கியமாக யன்னல் கிறிலிலும் கதவிலும் உள்ள பளபளப்பான இனாமல் பூச்சில், ஈயம் அதிகம் இருக்கக்கூடும். எங்கள் கதவு அம்மாவின் காலத்துக் கதவு. ஈரம் போட்டுத் தேய்த்து, தூசி பறக்காமல் துடைத்து, அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைப் பின்வீட்டில் வைத்திருந்தோம். சீற் கூரை உள்ளவர்கள் விளக்குத் தொங்கவிடவோ அலங்காரம் கட்டவோ அந்த சீற்றில் துளை போடாதீர்கள், அஸ்பெஸ்ரஸ் தூசி பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். நிறம் கடைசியில் வெள்ளைதான் அடித்தோம். ஒரு சுவரின் கீழ்ப் பாதிக்கு மட்டும் கரும்பலகைப் பூச்சு. மகன் அதிலும் பஸ்தான் கீறுகிறான். யன்னல் சீலைக்கு மருதமுனைக் கைத்தறி, மெல்லியது, காற்றை மறிக்காது.

நுளம்புக்குச் செலவழியுங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் அதிகம். இரவு வலை மட்டும் போதாது, மத்தியானம் தூங்குகிற சின்னவனுக்கு அது உதவாது. யன்னலுக்குச் சட்டம் அடித்து வலை போட்டோம், ஆணியில்லாமல் கொண்டியில் மாட்டுகிற மாதிரி, கழற்றிக் கழுவலாம். கட்டிலுக்கு மேலே வலைக்குக் கொழுக்கி தனியாக இருக்கிறது. மகளின் மேசையை அறைக்குள் வைக்கவில்லை, ஹோலில் வைத்தோம். தம்பி அவளுக்கு முன்னமே தூங்கும்போது அவளுக்கு விளக்கு எரிய வேண்டியிருக்கும், அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை.

இப்போது புரட்டாதி நடக்கிறது. விளையாட்டுப் பெட்டி இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. படங்கின் ஒரு ஓரம் போன மாரியில் கிழிந்தது, மழைக்கு முன் அதைத் தைக்க வேண்டும். மேற்குச் சுவரிலிருந்து பத்து அடி தள்ளி ஒரு வேம்பு வைத்திருக்கிறோம். மகனின் இடுப்பளவு வந்துவிட்டது. தினமும் பள்ளிக்கூடத்தால் வந்து அதற்குப் பக்கத்தில் நின்று அளந்து பார்க்கிறான்.